உப்புக்குப் போட்ட பூட்டு

உப்பைக் குறைக்கச் சொன்னாராம் டாக்டர். அதற்கு நீங்கள் போடுகிற கூப்பாடு இருக்கிறதே. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் நம் செட்டுப் பெண்கள் நாலு பேர் வேப்பமரத்தடியில் நின்று ஒப்பாரி வைக்காத குறைதான். "இனிமே என்னத்தத் தின்னு என்னத்த வாழ" என்றாள் ஒருத்தி. அவள் கையில் மிக்சர் பொட்டலம். எனக்கு வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருப்பேன். எறியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

எனக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. ஒன்பதாவது வயதில் ஒரு தவக்காலம் முழுக்க ஒரு கல் உப்புப் போடாத சோற்றைத் தின்றேன். சாகவில்லை. எங்கள் தெருவின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் தோற்ற இடத்தில் என் நாக்கு ஜெயித்தது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான் அது.

அப்போது எங்கள் வீடு திண்டுக்கல்லில், மலைக்கோட்டை தெரிகிற ஒரு தெருவில் இருந்தது. அப்பா பூட்டுச் செய்கிறவர். வாசல் பக்கத்து அறைதான் பட்டறை. காலையில் அரம் இரும்பைத் தேய்க்கும் சத்தத்தில்தான் கண் விழிப்பேன். வீட்டுக்குப் பின்னால் கிணறு. அப்பாவின் அப்பா வெட்டியது. தெருவே அதில்தான் தண்ணீர் இறைத்தது. அந்தத் தண்ணீரில் கஞ்சி வைத்தால் தனி ருசி என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிரும்.

அந்த வருடம் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலையில் என் கண் இரண்டும் வீங்கியிருக்கும். பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவின் அக்கா, "பிள்ளை இப்பத்தான் சதை போடுது, யாரும் கண்ணு வைக்காதீக" என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டது. பிறகு என் கொலுசு காலில் பதிய ஆரம்பித்தது. கழற்றினால் அந்த இடத்தில் சங்கிலி போட்ட மாதிரி பள்ளம். விரலால் அமுக்கினால் அமுக்கின குழி அப்படியே நின்றது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியது.

"சிறுநீரகத்துல கோளாறு. மாத்திரை தாரேன். ஆனா மாத்திரையை விட முக்கியம், உப்பு ஆகாது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, ஒண்ணும் ஆகாது. ஒரு கல்லு உப்புக்கூட உள்ள போகக்கூடாது" என்றார் டாக்டர்.

"எம்புட்டு நாளைக்கு டாக்டர்?"

"வீக்கம் வடியிற மட்டும்."

அப்பா அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார். உப்புச் சாடி, ஊறுகாய்ச் சாடி, கருவாட்டுப் பானை, அப்பளக் கட்டு எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தார். அதற்குப் பூட்டுப் போட்டார். சாதாரணப் பூட்டு இல்லை. உள்ளே எட்டுத் தகடு வைத்த எட்டு லிவர் பூட்டு. ஒரே சாவி. அந்தச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, "இடுப்ப விட்டு எறங்கக் கூடாது. இந்தப் பூட்டச் சாவி இல்லாமத் தொறக்கிறவன் இன்னும் பொறக்கல" என்றார். அம்மா உப்பில்லாமல் சமைத்து, எனக்கு எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பெட்டியைத் திறந்து மற்றவர்களுக்கு உப்புப் போடும். உடனே பூட்டிவிடும்.

முதல் வாரம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கத்தரிக்காய் அழிரப்பரை மென்ற மாதிரி இருந்தது. முட்டையைத் தின்னும்போது சுவரை நக்கின மாதிரி இருந்தது. நான் அழுதேன். ஹேர்பின்னை வளைத்துப் பூட்டுக்குள் விட்டு ஒரு மத்தியானம் முழுக்க நோண்டினேன். திறக்கவில்லை. அப்பா சொன்னது சத்தியம்.

மூன்று வாரம் ஆனது. வீக்கம் குறையவில்லை. மாத்திரை போட்ட அன்றைக்குக் கொஞ்சம் வடியும், மறுநாள் பழையபடி ஏறும். டாக்டர் என் கால் எலும்பு மேல் விரலை அழுத்தி, குழியைப் பார்த்துவிட்டு அம்மாவை முறைத்தார். "யாரோ உப்புக் குடுக்கிறீக. என்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? இப்படியே போனா ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும். அப்புறம் நான் பொறுப்பில்ல."

முதலில் பழி என் மேல்தான் விழுந்தது. அப்பா என்னை ஒரு அறை அறைந்தார். எங்கே திருடித் தின்றாய் என்று கேட்டார். நான் ஹேர்பின் கதையையும் சேர்த்து உண்மை முழுவதையும் சொன்னேன். அவர் பூட்டைக் கழற்றிப் பட்டறையில் பிரித்துப் பார்த்தார். எட்டு லிவரும் அப்படியே இருந்தன. உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பூட்டுச் செய்கிறவனின் புத்தி அது. பூட்டு நன்றாக இருக்கிறது என்றால், திருடன் யார்? சாவி வைத்திருக்கிற ஆள்.

"பூட்டு சரியாத்தான் இருக்கு. சாவி யாரு இடுப்புல இருக்கு?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தது.

அத்தைதான் பேசியது. "ஏன்டா தம்பி அவளப் போயி வையுற? பெத்த வயிறு கேக்குமா? பிள்ள மூஞ்சியப் பாத்து ஒரு துளி போட்டிருப்பா. போட்டா என்ன இப்ப?" பரிந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அம்மாதான் போட்டது என்று அத்தையே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. நியாயம் பேசுகிற வாயில் விஷம் எப்படி இருக்கும் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். புரிய முப்பது வருடம் ஆனது.

மறுநாள் அப்பா என்னைப் பஸ்ஸில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து மலைப் பக்கமாக ஒரு ஊரில் பெரியம்மா, அம்மாவின் அக்கா, தோட்டம் வைத்திருந்தது. தக்காளி, அவரை, மல்லிகை. என்னை அம்மாவிடமிருந்து பிரித்து வைத்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது அப்பாவின் கணக்கு.

பெரியம்மா டாக்டர் சொன்னபடி உப்பில்லாமல் சோறும் பருப்பும் வைத்தது. ஒரு வாய் வைத்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"எங்க வீட்டு உப்பில்லாச் சோறு இம்புட்டு மோசமா இருக்காது பெரியம்மா. அதுல கொஞ்சமாச்சும் ருசி இருக்கும்."

பெரியம்மா அப்படியே நின்றது. "என்ன ருசி தாயி?"

"தெரியல. ருசி."

அந்த ஒரு பேச்சு போதும். ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தபோது பெரியம்மா அவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொல்லியது. "தம்பி, என் கூடப்பொறந்தவளப் பத்தி நான் சொல்லக்கூடாது. ஆனா பிள்ளையே சொல்லுது." நான் அவரைக்கொடிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாயாலேயே அம்மாவை மாட்டிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அப்பா என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டார். குழி விழவில்லை. அங்கே வந்த ஆறாம் நாளே வீக்கம் வடிய ஆரம்பித்துவிட்டது. கொலுசு தளர்ந்து காலில் ஆடியது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

அப்பா அன்றைக்கு என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினார்.

இனிமேல்தான் கவனமாகப் படியுங்கள். மிக்சர் தின்றுகொண்டே படிக்காதீர்கள்.

பெரியம்மா வீட்டில் இரண்டாவது வாரம் என் நாக்குக்கு ஏதோ நடந்தது. ஒருநாள் செடியிலிருந்து ஒரு தக்காளியைப் பறித்துக் கடித்தேன். முதலில் புளிப்பு, அதன் பின்னால் இனிப்பு, கடைசியில் காம்புப் பக்கத்தில் ஒரு பச்சை வாசம். தனித்தனியாகத் தெரிந்தது. அதுவரை தக்காளி என்றால் குழம்பில் கிடக்கும் தோல், அவ்வளவுதான். சின்ன வெங்காயம் வதங்கினால் கருப்பட்டி மாதிரி இனித்தது. பச்சைக் கடலையில் பால் இருந்தது. ஒருநாள் பாலைக் குடித்துவிட்டு, "இதுல லேசா உப்புக் கரிக்குது" என்றேன். பெரியப்பா சிரித்தார். அப்புறம் ஒருநாள் கீரை. ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"பெரியம்மா, நீங்களும் உப்புப் போட்டுட்டீக."

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவடி போட்டா? என்னையும் உங்க அம்மா மாதிரி ஆக்கப் பாக்கிறியா?" என் கண் முன்னாலேயே கீரையைப் பறித்து, அலசி, வேகவைத்து, தண்ணீரைத் தவிர எதையும் சேர்க்காமல் கொடுத்தது. அப்போதும் கரித்தது. கீரைக்கே கொஞ்சம் உப்பு உண்டு. பாலுக்கும் உண்டு. நமக்குத்தான் தெரியாது. சட்டி நிறைய அள்ளிப் போட்டுத் தின்கிற நாக்குக்கு அது எங்கே தெரியப் போகிறது?

மூன்றாவது வாரம் முடிந்து, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் அப்பா வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீடு வீடாக இல்லை. சாவி இப்போது அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அம்மா ஒவ்வொரு குழம்புக்கும் பட்டறை வாசலுக்கு வந்து நிற்கும். "உப்பு வேணும்." அவ்வளவுதான் சொல்லும். அப்பா அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பெட்டியைத் திறந்து, தன் கையால் அளந்து போட்டுவிட்டுப் பூட்டுவார். பதினோரு வருடம் அந்த வீட்டுக்குச் சமைத்துப் போட்டவள் ஒரு கை உப்புக்கு வாசலில் நிற்கிறாள். அதற்குக் காரணம் நான்.

பஸ்ஸில் வந்த தாகம். நேராக அடுப்படிக்குப் போய்க் குடத்தில் மொண்டு குடித்தேன். ஒரு வாய் போனது. இரண்டாவது வாயை முற்றத்தில் துப்பினேன்.

"தண்ணில உப்புக் கெடக்கு."

அத்தை அங்கேதான் நின்றது. "எங்க அப்பன் வெட்டுன கெணறுடி அது. தெருவே குடிக்குது. மூணு வாரம் மலைத்தண்ணி குடிச்சிட்டு வந்ததும் மகாராணிக்கு நம்ம தண்ணி கரிக்குதாக்கும்."

அப்பா ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார். "எப்பவும் போலத்தான் இருக்கு. பேசாமப் போ."

அம்மாவும் மொண்டு குடித்தது. வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கியது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசியது. "எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவ பொய் சொல்ல மாட்டா. அங்கனயும் பொய் சொல்லல. நம்ம சோத்துல ருசி இருக்குன்னு சொன்னா இல்ல, அந்த ருசி எங்கிட்டு இருந்து வந்துச்சு? நான் போடல."

என் பேச்சால் பழி சுமந்த ஆள் என் பேச்சை நம்பியது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. கோபமாக இருந்தேன். "வேணும்னா வச்சுப் பாருங்கப்பா. எது நம்ம தண்ணின்னு நான் சொல்றேன்" என்றேன்.

அப்பா கைவேலைக்காரர். பேச்சை நம்ப மாட்டார், சோதனையை நம்புவார். மறுநாள் குருத்தோலைப் பவனி முடிந்து வந்ததும் ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை எடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அரத்தால் கோடு போட்டார். ஒரு கோடு, இரண்டு கோடு, இப்படி ஐந்து வரை. தெருக்குழாய், கோயில் கிணறு, டீக்கடை, பக்கத்துத் தெருவில் ஒரு வீடு, எங்கள் கிணறு என்று ஐந்து இடத்துத் தண்ணீர் பிடித்து வந்தார். பட்டறை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வாசலில் தெருவே நின்றது.

நான் ஒவ்வொன்றாகக் குடித்தேன். நான்காவதைத் தள்ளி வைத்தேன். "இது."

அப்பா திருப்பிப் பார்த்தார். ஐந்து கோடு. எங்கள் தண்ணீர்.

"குருட்டாம்போக்கு" என்றது அத்தை.

என்னை வெளியே அனுப்பிவிட்டு டம்ளர்களை மாற்றி வைத்தார்கள். மறுபடியும் சொன்னேன். சரி. மூன்றாவது முறை நான் ஒன்றைத் தள்ளினேன். பிறகு இன்னொன்றையும் தள்ளினேன். "இது ரெண்டும் ஒரே தண்ணி. ஏமாத்துறீங்க."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அந்த முறை அவர் குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு எங்கள் தண்ணீரையே இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்திருந்தார். அவரும் ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தார். "மத்ததெல்லாம் சப்புன்னு இருக்கு. நம்ம தண்ணிலதான் ருசி" என்று சொன்னார். சொன்ன வேகத்தில் நிறுத்தினார். ஊரே புகழ்ந்த அந்தத் தனி ருசி என்னவென்று அவருக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

அம்மா யாரையும் கேட்கவில்லை. கிணற்றுக்குப் போய் ஒரு வாளி இறைத்து வந்தது. அகலமான சட்டியில் ஊற்றி முற்றத்து அடுப்பில் ஏற்றியது. வற்ற வற்ற ஊற்றியது. மத்தியானம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர் எல்லாம் வற்றிய பிறகு சட்டிக்குள் வெள்ளையாக, கெட்டியாக ஒரு பொருக்கு.

"ஒரு வருசமாக் கொடத்துல இதான் படியுது. நானும் புளி போட்டுத் தேச்சுக்கிட்டே இருக்கேன். என்னன்னு கேக்க யாருக்கும் தோணல, எனக்கும் தோணல" என்றது அம்மா.

அப்பா அந்தப் பொருக்கை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். பிறகு எழுந்து பட்டறைக்குள் போய் ஒரு பிடி சாவிகளை அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் துருவேறியவை. அரம் போட்டதும் அவர் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவி வைப்பார். "இந்தத் துருவுக்கு இரும்புக் கடைக்காரனப் போயி வருசம் பூரா வஞ்சேன்" என்றார். சாவிகளைச் சட்டிக்குப் பக்கத்தில் கொட்டினார்.

அரைஞாண் கயிற்றிலிருந்து பெட்டிச் சாவியை அவிழ்த்து அம்மாவின் முன்னால் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? அந்தப் பூட்ட எங்க போடணுமோ அங்க போடுங்க."

எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால். அதைத் தாண்டினால் தோல் பதனிடுகிற ஷாப்புகள். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் அங்கே வந்து இறங்கும். அந்த உப்பை உதறிக் குவிப்பார்கள். தோல் அலசிய தண்ணீரை வாய்க்காலில் விடுவார்கள். வருடக்கணக்காக அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்திருக்கிறது. ஒரே நாளில் வந்திருந்தால் தெரு முழுக்கத் துப்பியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. பழகினதோடு ருசி என்று பெயரும் வைத்தது. நானும் அதே தண்ணீரில் வளர்ந்தவள்தான். மூன்று வாரம் வேறு சோறு, வேறு தண்ணீர். அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். ஷாப்பில் நியாயம் கேட்கப் போன அப்பாவிடம், "ஒம் மக நாக்க நம்பியா இங்க வந்த?" என்று சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

அப்பா மூன்று நாள் வேறு வேலை எடுக்கவில்லை. கம்பிகளை வெட்டி, சேர்த்து, கிணற்று வாய்க்கு ஒரு மூடி செய்தார். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலையில் அதைக் கிணற்றின் மேல் இறக்கினார். உப்புப் பெட்டியில் இருந்த எட்டு லிவர் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அந்த மூடியில் மாட்டித் திருகினார். தெரு பார்க்கத்தான் செய்தார். சாவியை என் கையில் வைத்தார். "நீ வச்சுக்க தாயி" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அவர். அம்மாவிடம் வாயால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளெல்லாம் குடம் தூக்கியது அவர்தான். பூட்டுக்காரர் இடுப்பில் குடத்தோடு வருகிறார் என்று தெரு சிரித்தது. தூக்கினார். வாதம் வந்து கை விழுகிற வரை தூக்கினார்.

ஈஸ்டருக்கு அத்தை பிரியாணி செய்து அனுப்பியது. டாக்டர் அந்த வாரம் கால் அமுக்கிப் பார்த்துவிட்டு, விரல் நுனி அளவு உப்புச் சேர்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அம்மா தனியாக எனக்கு வைத்த கறியை நான் சப்புக்கொட்டித் தின்றேன். அத்தையின் பிரியாணியை ஒரு பருக்கை வாயில் போட்டுப் பார்த்தேன். கடல். மற்றவர்கள் ஆகா ஓகோ என்று தின்றுகொண்டிருந்தார்கள். அம்மா ஒரு வாய் எடுத்தது, என்னைப் பார்த்தது, "எனக்கும் கரிக்குது" என்று தட்டைத் தள்ளி வைத்தது. எனக்குத் துணையாக அந்த நாற்பது நாளும் அம்மாவும் உப்பில்லாமலேதான் தின்றது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அது அன்றைக்குத்தான் தெரிந்தது. உப்பைத் திருடியதாக நாங்கள் பழி சொன்ன ஆள் அது.

அந்தக் கிணறு இப்போது இல்லை. மூடி, மேலே மாடி வீடு கட்டிவிட்டார்கள். கம்பி மூடி பூட்டோடு பழைய இரும்புக்குப் போனது. சாவி வெகுகாலம் என் தையல் பெட்டியில் கிடந்தது. வீடு மாறியபோது எங்கேயோ விழுந்துவிட்டது. போகட்டும்.

எனக்கும் பிரஷர் உண்டு. போன வருடம் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னபோது நான் சிரித்தேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். ஆறு வாரம் கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் சோறு மண்ணாக இருக்கும், என்னை வாய் வலிக்கத் திட்டுங்கள். மூன்றாவது வாரம் ஒரு நாட்டுத் தக்காளியைக் கழுவி அப்படியே கடியுங்கள். ஆறாவது வாரம் முடிந்ததும் அந்த மிக்சரை ஒரு வாய் போடுங்கள். துப்பிவிட்டு வேப்பமரத்தடிக்கு வாருங்கள். நான் அங்கேதான் நிற்பேன்.